கூடவே வரும் அண்ணன்

சிலிம் ரிவரில் ஒரு தமிழ்க் குடும்பம் டிவி வாங்கப் புறப்பட்டால் காடியில் நான்கு பேர் இருப்பார்கள். பணம் கட்டுபவர், வாங்கியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற அக்கா, ரிமோட்டைப் பிடிக்கப்போகும் பிள்ளை, அப்புறம் கூடவே வரும் அண்ணன். இந்த நான்காமவர் சொந்தக்காரராக இருக்கவேண்டும் என்பதில்லை. தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்தவராக இருப்பார். இல்லையென்றால் கோயில் திருவிழாவில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்பவர். “கரண்டு சாமான் வாங்குறதா இருந்தா அவர ஒரு வார்த்த கேட்டுக்க” என்று ஊரே சொல்லும். அவர் கரண்டு வேலை எங்கே படித்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அவர் படித்தது கம்பத்தின் உச்சியில். மலேசியாவில் டிவி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் தேதி தொடங்கியது. கலர் வந்தது 1978இல். தோட்டத்து லயங்களுக்கு இரண்டுமே ஆடி அசைந்துதான் வந்து சேர்ந்தன. ராத்திரியில் குறித்த நேரத்துக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடும் தோட்டங்களில் காடி பேட்டரியை வைத்து டிவி ஓட்டினார்கள். தமிழ்ப்படம் போடும் நாளில் டிவி இருந்த வீட்டு வாசலில் செருப்பு குவியும். அப்போது ஏரியல் கம்பத்தில் ஏறியவர்தான் நம் அண்ணன். உள்ளேயிருந்து “வருது, வருது... போச்சு!” என்று கத்துவார்கள், அவர் மேலே இருந்தபடி திருப்பிக்கொண்டே இருப்பார். அதனால் ஒரு எம்ஜிஆர் படத்தையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை. அந்தத் தியாகத்துக்கு ஊர் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். அண்ணன் டிவியின் முதுகைப் பார்ப்பார். குனிந்து, கழுத்தைச் சாய்த்து, எச்டிஎம்ஐ ஓட்டைகளை விரலால் எண்ணுவார். “மூணு இருக்கணும்.” ஆஸ்ட்ரோ பெட்டிக்கு ஒன்று, பையனின் விளையாட்டுக்கு ஒன்று, மூன்றாவது எதற்கு? “இருக்கட்டும்.”

அடுத்த கேள்வி தவுக்கேவுக்கு: “டிவிபி டி2 அடா?” அண்ணன் வாயைத் திறக்கும்போதே தவுக்கே “அடா, அடா” என்று தலையாட்டிவிடுவார். 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்று, டிவிபி டி2 என்ற டிஜிட்டல் முறை மட்டும் ஆனது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவசமாக டிகோடர் கொடுத்தபோது, தாமானில் பாதி வீடுகளுக்கு அதை மாட்டிக்கொடுத்தவர் அவர். அன்று நெஞ்சில் பதிந்த சொல் அது. இப்போது வருகிற டிவிகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். கேட்டால்தான் கடைக்கு வந்ததாக அர்த்தம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை என்பதுதான் வம்பு. “கடையில எல்லா டிவியும் அழகாத்தான் தெரியும் தம்பி, வெளிச்சத்த ஏத்தி வெச்சிருப்பான்” என்பார். சரிதான், கடையில் நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டித்தான் ஓடவிடுகிறார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து அதை மாற்றாவிட்டால் ஹீரோயின் முகம் நீலமாகத் தெரியும். “எட்டடி தள்ளி உக்காந்து சீரியல் பார்க்க ஃபோர் கே எதுக்கு?” என்பார். அதுவும் சரி. 43 இஞ்ச் திரையில் சாதாரண ஃபுல் எச்டி புள்ளிகளையே இரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்து கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. “ஸ்மார்ட்டுன்னா எவ்ளோ ஸ்மார்ட்டு? மெமரி எவ்ளோ?” என்று விற்பனைப் பெண்ணை மடக்குவார். பேரன் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. மெமரி குறைந்த மலிவு டிவிகள் ரிமோட்டை அமுக்கிய பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும் என்பதால், நல்ல கேள்விதான்.

வழுக்குவது நட்சத்திரத்தில். மின்சாரச் சிக்கன ஸ்டிக்கரில் ஐந்து நட்சத்திரம் இல்லாத டிவியை அவர் தொடவும் மாட்டார். 80 வாட் இழுக்கும் டிவியைத் தினம் ஐந்து மணி நேரம் பார்த்தால் மாதம் 12 யூனிட். முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென் என்ற பழைய கட்டணத்தில் அது இரண்டு வெள்ளி அறுபது சென். நட்சத்திரம் ஒன்று கூடிக் குறைந்தால் மாதத்துக்கு ஒரு ரொட்டி சானாய் காசுகூடத் தேறாது. இந்த நட்சத்திரத்துக்காக அவர் இன்னொரு கடை ஏறி இறங்கும் பெட்ரோல் எந்த ஸ்டிக்கரிலும் இல்லை.

இஞ்ச் கணக்கு வீட்டில் வெடிக்கும். அக்கா தையல் டேப்பை எடுத்து அகலத்தை அளப்பார்: 37½. “43ன்னு சொல்லி ஏமாத்திட்டான்!” அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி டேப்பை வாங்கி, மூலைக்கு மூலை குறுக்கே பிடித்துக் காட்டுவார். அதோடு விடுவாரா? 32க்கும் 43க்கும் 11 இஞ்ச்தான் வித்தியாசம், ஆனால் பரப்பளவு ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதல் என்று பாடம் தொடங்கும். அக்காவின் கவலை வேறு. பழைய குண்டு டிவிக்கென்று ஆசாரியை வைத்துச் செய்த ஷோகேஸ் இருக்கிறது. அந்தச் சதுரப் பொந்துக்குள் 43 நுழையாது. சாமி படங்களும் பிள்ளைகளின் கோப்பைகளும் இடம் மாறவேண்டும். டிவியை விட ஷோகேஸை அகற்றத்தான் அதிக நாள் பேச்சுவார்த்தை நடக்கும்.

2018ஆம் ஆண்டு அவருடைய பொற்காலம். ஜூன் 1ஆம் தேதி ஜிஎஸ்டி சுழியமானது; செப்டம்பர் 1இல் எஸ்எஸ்டி வரும்வரை மூன்று மாதம் வரியில்லாக் காலம். நடுவில் ஜூன் 14 முதல் உலகக் கிண்ணக் கால்பந்து வேறு. “6 பெர்சன் மிச்சம், இப்ப விட்டா கெடைக்காது” என்று ஒவ்வொரு வீடாகக் கிளப்பிக் கோலாலம்பூருக்கே கூட்டிப்போனார். 1,200 வெள்ளி டிவியில் 72 வெள்ளி மிச்சம். டோல், பெட்ரோல், நாலு பேருக்கு நாசி கண்டார் போக மிஞ்சியது என்ன என்று கேட்டவர்களை அடுத்த தடவை அவர் கூட்டிப்போகவில்லை.

பேரம் ஒரு தனிக் கச்சேரி. “போலே குராங்?” என்று தொடங்குவார். “ஹார்கா மாத்தி, பாஸ்” என்று தவுக்கே கையை விரிப்பார். அண்ணன் வாசல்வரை நடப்பார். குடும்பமும் பின்னால் நடக்கவேண்டும். கடைசியில் விலை இறங்காது. சுவரில் மாட்டும் பிராக்கெட் இலவசமாக வரும். அதை அவர்தான் சுமந்துவருவார்.

டிவி பெட்டியைப் படுக்கவைக்கக்கூடாது, நிற்கவைக்கவேண்டும் என்பது அவர் சட்டம். அதுவும் நியாயம்தான். மைவி காடியில் பின் சீட்டை டிவி எடுத்துக்கொள்ளும். அக்காவும் பிள்ளையும் பஸ்ஸில் வருவார்கள். 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியலில் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை ஜப்பானிய டாங்கிகள் சில மணி நேரத்தில் உடைத்துக்கொண்டு போன பெருஞ்சாலைதான் வீட்டுக்குத் திரும்பும் வழி. அதே சாலையில் அண்ணன், “மெதுவா, மெதுவா, குழி!” என்று சொல்லிக்கொண்டே பொழுது சாயத்தான் வந்து சேர்வார்.

இவ்வளவையும் ஊர் ஏன் பொறுத்துக்கொள்கிறது? கையில் போன் இருக்கிறது, படித்த பிள்ளை இருக்கிறது, அத்தனை விவரமும் நொடியில் கிடைக்கிறது. ஆனால் டிவி ஆறாம் மாதம் கோடு கோடாகத் தெரிந்தால் போனைத் திட்டமுடியாது. அண்ணனைத் திட்டலாம். “நீங்க சொல்லித்தானே வாங்கினோம்” என்று கணவனும் மனைவியும் அன்று ஒரே குரலில் பேசுவார்கள். அவரும் கோபப்படாமல் வாரண்டி அட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்.

அவர் வீட்டில் என்ன டிவி என்று கேட்காதீர்கள். மருமகன் அவரைக் கேட்காமலேயே 55 இஞ்ச் வாங்கி மாட்டிவிட்டார். நட்சத்திரம் எத்தனை என்று இன்றுவரை அண்ணன் பார்க்கவில்லை. பழைய எம்ஜிஆர் படங்களை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிறார்.

தீபாவளிக்கு டிவி வாங்கும் எண்ணம் இருந்தால் அவரைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். சுவரையும் ஷோகேஸையும் முதல் நாளே அளந்துவிடுங்கள். மத்தியானச் சாப்பாடு உங்கள் செலவு. மலையடிவார ஊர், சாயங்காலம் இடி விழும். பிளக்கோடு ஏரியல் வயரையும் கழற்றச் சொல்வார். அந்த ஒன்றை மட்டும் மறுபேச்சில்லாமல் கேளுங்கள்: இடி விழுந்த டிவிக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது.