குமுளியா, வாளையாரா?

கேள்வி: கேரள லாட்டரியின் ஓணம் பம்பர் சீட்டு வாங்க வருஷா வருஷம் குமுளிக்கு ஏறுகிறேன். வாளையார் கடைகளுக்குத்தான் ராசி என்கிறார் என் மச்சான். எங்கே வாங்கலாம்?
– வாசகர், கம்பம்

பதில்: எங்கே பஸ் கட்டணம் குறைவோ, அங்கே! 2023-இல் 25 கோடி ரூபாய் முதல் பரிசு வாளையாரில் விற்ற சீட்டுக்கு விழுந்தது உண்மை. சேர்ந்து வாங்கிய நால்வரும் திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள். அது வாளையாரின் ராசி என்றால் நம்பாதீர்கள். 2003-இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்த பிறகு, நம்மவர்கள் எல்லை தாண்டிப் போய் அங்கே குவிகிறார்கள். அதிகம் விற்கிற இடத்தில் பரிசு விழவும் வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் ஒரு சீட்டின் வாய்ப்பு எந்தக் கடையிலும் ஒன்றுதான்.

குதிரைப் பந்தயமென்றால் குதிரையின் பழைய ஓட்டம், சுமக்கும் எடை, ஜாக்கி என்று அலசிப் பணம் கட்டலாம். அது திறமை சார்ந்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சீட்டில் அலச என்ன இருக்கிறது? 2023-இல் விற்றவை 75 லட்சத்துக்கும் மேல். பத்துச் சீட்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்தாலும் 75 லட்சத்தில் பத்துதான். ஆசைக்கு ஒன்று போதும். அதையும் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள், ஆளுக்கு 125 ரூபாய். கடன் வாங்கி மட்டும் வேண்டவே வேண்டாம்.

விழுந்தாலும் முழுசாகக் கைக்கு வராது. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், மீதியில் வருமான வரி 30 சதவீதம், அதற்கு மேல் சர்சார்ஜ். வாங்கியதும் சீட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போடுங்கள். யார் யாருக்கு என்ன பங்கு என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்புகிறேன் என்பவனுக்குப் பத்துப் பைசா போடாதீர்கள். கேரள அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை.