கலயத்தில் வந்த ரயில் சாப்பாடு

கேள்வி: ஜப்பானில் ரயில் சாப்பாட்டைத் தேடிப்போய் வாங்குகிறார்களாமே, அப்படி என்ன விசேஷம்?

பதில்: 'எகிபென்' எனப்படும் ரயில் நிலையச் சாப்பாட்டுப் பெட்டிகள் அந்தந்த ஊரின் விளைச்சலைச் சுமந்துவருபவை என்றாலும், அவற்றுள் யொகொகாவா நிலையத்தின் 'தோகே நோ காமாமேஷி', அதாவது கணவாய்க் கலயச்சோறு, தனிச் சிறப்புடையது. உசுய் கணவாயின் கடும் ஏற்றத்துக்காக அங்கே துணை எஞ்சின் பூட்டும்வரை ரயில்கள் நின்றதால், அந்தத் தாமதம் பயணிகளின் வயிற்றுக்கு லாபமாயிற்று. 1958 முதல் நடைமேடையில் அது சூடாக விற்கப்பட்டது. கனத்த மஷிகோ மண்கலயத்தின் மூடியைத் திறந்தால், சுவையேற்றிய சோற்றின்மேல் கோழித்துண்டு, காடைமுட்டை, மூங்கில்குருத்து, காளான், கஷ்கொட்டை, கடைசியில் இனிப்புக்கு ஒரு பாதாமிப்பழம். அதிவேக ரயில் வந்து 1997இல் கணவாய்ப் பாதை மூடப்பட்ட பின்னும் விற்பனை தொடர்கிறது. காலிக் கலயத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்று அதிலேயே சோறு பொங்குவோரும் உண்டு.