பிணமில்லாத தூக்குமரம்

கே: வாசிலி சூரிகோவ் யார்?
ப: சைபீரியாவின் கிராஸ்நயார்ஸ்கில் 1848-ல் பிறந்த கொசாக் வீட்டுப் பிள்ளை. ரஷ்ய சரித்திரத்தை அரண்மனையில் தேடாமல் சந்தையில் தேடிய ஓவியர்.

கே: அவ்வளவு தூரத்திலிருந்து பீட்டர்ஸ்பர்க் போய்ப் படிக்கக் காசு?
ப: குஸ்னெத்சோவ் என்ற தங்கச் சுரங்க முதலாளி கொடுத்தார். 1868 கடுங்குளிரில், தலைநகருக்குப் போன தன் மீன் வண்டிகளிலேயே பையனையும் ஏற்றிவிட்டார். அந்தச் சரக்கில் இன்றுவரை கெடாமல் இருப்பது சூரிகோவ் ஒருவர்தான்.

கே: 'ஸ்திரெல்த்சி தண்டனை நாளின் காலை' மரண தண்டனைப் படமாம். ஒரு பிணம்கூட இல்லையே?
ப: அங்கேதான் மனிதர் நிற்கிறார்! 1698-ல் கலகம் செய்த படைவீரர்களை ஜார் பீட்டர் தீர்த்துக்கட்டிய கதை அது. "ஒருவனையாவது தொங்கவிடலாமே" என்றார் ஓவிய நண்பர் ரேபின். சூரிகோவும் ஓர் உருவத்தை வரைந்து பார்த்தார். உள்ளே வந்த ஆயா மயங்கி விழுந்தாள். உடனே அழித்துவிட்டார். பிணத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். வெள்ளைச் சட்டையோடு, கையில் மெழுகுவத்தியோடு காத்திருப்பவனிடமிருந்து எப்படித் திருப்புவது?

கே: அந்தப் படம் மக்கள் பார்வைக்கு வந்தது எப்போது?
ப: 1881 மார்ச் 1, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி. ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டுவீச்சில் இறந்ததும் அன்றுதான். படத்துக்குள் ஜார் கொல்கிறார். வெளியே ஜாரைக் கொன்றார்கள்.

கே: இன்னொரு படத்தில் குடிசைக்குள் உட்கார்ந்திருக்கும் மென்ஷிகோவ் எழுந்தால் தலை கூரையில் இடிக்குமே?
ப: ஓவியர் கிராம்ஸ்கோயும் அதையே சொன்னார். சாம்ராஜ்யத்தையே ஆட்டிவைத்தவரைப் பதவி பறித்து சைபீரியாவுக்கு விரட்டிவிட்டார்கள். இடிக்கட்டும் என்றுதானே அந்தக் கூரை! காலடியில் வெளிறிப்போய் இருக்கும் மகளுக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் ஓவியரின் நோயுற்ற மனைவி. 1888-ல் அவர் இறந்தபின் சூரிகோவ் தூரிகையையே வீசிவிட இருந்தார். தம்பிதான் மீட்டார்.

கே: சூரிகோவ் வரைந்த சீமாட்டி மொரோசவா ஏன் இரண்டு விரலை உயர்த்துகிறாள்?
ப: சிலுவைக் குறிக்கு மூன்று விரல் என்றது திருச்சபை. இரண்டுதான் என்றாள் அந்தச் சீமாட்டி. பட்டினி போட்டே கொன்றார்கள். மூன்றாவது விரல் எழவில்லை.

கே: அதே படத்தில் பனியில் வெறுங்காலோடு ஒரு பித்தன். கற்பனையா?
ப: சந்தையில் வெள்ளரிக்காய் விற்றவன். காலில் வோட்கா தேய்த்துவிட்டு, பனியிலேயே உட்காரவைத்து வரைந்தார். கூலி மூன்று ரூபிள். வாங்கிய கையோடு ஒன்றே முக்கால் ரூபிளுக்குச் சொகுசுக் குதிரைவண்டி பிடித்தானாம். பிடிக்கட்டுமே, அன்றைக்கு அந்தக் கால்கள் பட்ட பாட்டுக்கு அது கொஞ்சம்தான்!

கே: வாரிசுகள் தூரிகை பிடித்தார்களா?
ப: மகளின் கணவர் பிடித்தார். கொள்ளுப்பேரன்கள் ஆந்த்ரே கொன்சலோவ்ஸ்கி, நிகிதா மிஹல்கோவ் இருவரும் கேமராவைப் பிடித்தார்கள்.

கே: ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியுமென்றால்?
ப: மாஸ்கோ திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் மொரோசவா. கிட்டத்தட்ட ஆறு மீட்டர் அகலம். அவளைப் பார்த்து முடித்ததும் கூட்டத்தைப் பாருங்கள். அழுகிறவர்களும் உண்டு, சிரிக்கிறவர்களும் உண்டு. நீங்கள் யார் பக்கத்தில் போய் நிற்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.