சில்க் போர்டில் ஸ்போர்ட்ஸ் கார்

கே: பழைய டியாகோ ஜேடிபி வாங்கியிருக்கிறேன். இன்னும் தாழ்த்தி, சைலன்சரை மாற்றி, என் ரசனைக்கு ஓட்டப்போகிறேன். பொறாமையா சார்?
- ஒரு வாசகர், பொம்மனஹள்ளி, பெங்களூரு

ப: காலை ஒன்பது மணிக்கு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மூன்றாவது கியர் போட்டுக் காட்டுங்கள், பொறாமைப்படுகிறேன்!

2018-ல் டாடாவோடு சேர்ந்து கோவை ஜேயெம் ஆட்டோமோட்டிவ்ஸ் ஏற்கெனவே 4 மி.மீ. தாழ்த்தி, 114 பி.எஸ். டர்போ இன்ஜினோடு ரூ.6.39 லட்சத்துக்குக் கொடுத்த வண்டி அது. இன்னும் தாழ்த்தினால் வேகத்தடைகள்தான் ரசிக்கும். நல்ல டயர், பிரேக் பேட் போடுங்கள். ஓட்டும் சுகம் அங்கேதான். சைலன்சர் பக்கம் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.