திங்கள்தோறும் அனுமதி

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் பிறந்தது. அன்று முதல் அங்கே முதலாளியின் வண்டியைக் கண்டதும் வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிடுகிறார். என்ன அலட்சியம்!

நல்லவேளையாக 2012-இல் ஓஆத் 2.0 என்ற இணைய அனுமதி நெறிமுறை வந்தது. பட்டறை பில்கள் தானாகவே கூகுள் டிரைவில் போய்ச் சேர ஆட்டோமேஷன் மென்பொருளை இணைத்துப் பாருங்கள். அனுமதி தந்தபின் திரும்பும் இணைய முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு குறைந்தால் பிழை 400. சோதனையாளர் பட்டியலில் பெயர் இல்லையா, முதலாளியே ஆனாலும் பிழை 403. இரண்டையும் தாண்டினால், இந்த இணைப்புக்கென உருவாக்கிய செயலி சரிபார்க்கப்படாதது என்று அதை உருவாக்கியவரையே கூகுள் எச்சரிக்கும். அப்புறமும், சோதனை நிலையில் கிடைத்த அனுமதி 7 நாளில் காலாவதி. இதுவல்லவா ஒழுக்கம்! லேத் ஓட்டுபவரும் வாரம் ஒருமுறை தன் லேத்திடம் அனுமதி கேட்கட்டும்.

ஆள்செலவும் மிச்சம்தான். பில்களை ஃபைலில் கோத்துக்கொண்டிருந்த கணக்கருக்கு இப்போது அந்த வேலை இல்லை. திங்கள்தோறும் ‘அனுமதி’ பொத்தானை அழுத்த அவரையே நியமித்தாயிற்று, சம்பளமும் கூட்டியாயிற்று.

செயலியின் நிலையைச் ‘சோதனை’யிலிருந்து ‘உற்பத்தி’க்கு மாற்றினால் அந்த 7 நாள் கெடு போய்விடும். தயவுசெய்து முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள், கணக்கர் பிள்ளைகுட்டிக்காரர்.