மலை இறங்குவதற்கு முன்...

கேள்வி: விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு என் லேப்டாப் லோகோவைக் காட்டிவிட்டு கறுத்துப் போகிறது. சின்னமனூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானா?
- வாசகி, ஹைவேவிஸ், மேகமலை

பதில்: 18 கொண்டை ஊசி வளைவுகளில் லேப்டாப்பை இறக்குவதற்கு முன் அந்த அப்டேட்டை அதிலிருந்து இறக்கிப் பாருங்கள், தாயே!

பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். சார்ஜர் மட்டும் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். ஆன் செய்து, லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸே பயந்துபோய் நீலத் திரையில் ரிப்பேர் பக்கத்தைத் திறக்கும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று வரிசையாகப் போங்கள். இதற்கு சிக்னல் தேவையில்லை. மலைக்கு இது பெரிய வரம். டிஸ்க் பூட்டைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்டால், பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று போனில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அப்டேட்டால் கணினி முடங்குவது புதிதல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தப்பான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை கணினிகளிலும் பழுது ஒரேயொரு ஃபைலில்தான். சேஃப் மோடில் போய் அதை அழித்ததும் எழுந்துகொண்டன. உங்களுடையதும் செத்துப்போயிருக்காது.

அந்த நீலத் திரையில், எல்லாவற்றையும் அழித்துவிடும் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ பக்கம் மட்டும் கை போகக் கூடாது. கடைக்கே கொண்டுபோக நேர்ந்தால், ‘பார்மட்’ என்ற சொல் வருவதற்குள் “முதலில் என் போட்டோக்களை எடுத்துக் கொடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.