வண்டி வக்கீல்

விசேஷ வீட்டுக்குப் போனால் நாமெல்லாம் வாசலில் கோலத்தைப் பார்ப்போம், வாழைமரத்தைப் பார்ப்போம். என் பெரியப்பா சரிவைப் பார்ப்பார். தெரு எந்தப் பக்கம் இறங்குகிறது, வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்த இடம் இருக்கிறதா, நிறுத்திவிட்டு உள்ளே போனபின் எவனாவது முன்னால் பைக்கைக் கொண்டுவந்து போட்டுவிடுவானா என்றெல்லாம் கணக்குப் போட்ட பிறகுதான் கதவைத் திறப்பார். செல்ஃப் எடுப்பதும் எடுக்காததும் அவர் காரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. சாவியை ஆன் பண்ணி, இரண்டாவது கியரில் போட்டு, வண்டி தானாக உருளத் தொடங்கியதும் கிளட்சை விடுவார். ஒரு குலுக்கல், ஒரு தும்மல், அப்புறம் உயிர். இதற்குள் பெரியம்மா நாலு சாமி பெயரைச் சொல்லி முடித்திருப்பார்.

என்ன கார் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் பெரியப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார். சொல்லவும் தேவையில்லை, இந்த ரகத்து மனிதர் எல்லாக் கம்பெனிக்கும் பொது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நான் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் வண்டி வக்கீல். காரில் ஏமாந்தவன் கோபப்படுவான் என்றுதான் நினைப்போம். கோபப்படுகிறவன் ஆறே மாதத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறான். அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வக்கீல் அப்படியில்லை. வண்டி மக்கர் பண்ணப் பண்ண இவருக்குப் பாசம் கூடும். ஷெட் பில் நீள நீள வாதமும் நீளும்.

பெரியப்பா கார் வாங்கக் கிளம்பியபோது ஊரே மாருதி வாங்கு என்றது. மச்சான் சொன்னார், ஆபீஸில் சொன்னார்கள், காலையில் பால் ஊற்ற வந்தவரும் சொன்னார். அங்கேதான் வினை. “ஊர்ல எல்லாரும் வாங்கறதையே நானும் வாங்கவா முப்பது வருஷம் சர்வீஸ் போட்டேன்?” என்று கிளம்பிப் போனார். ஷோரூமில் அவர் செய்த பரிசோதனை ஒன்றே ஒன்று: கதவைச் சாத்திப் பார்த்தார். தொம் என்றது. மறுபடி திறந்து சாத்தினார். தொம். “சத்தத்தைக் கேட்டியாடா? பாடி கட்டி” என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 14 வருஷம் ஆகியும் கதவு இன்றைக்கும் தொம் என்றுதான் சாத்துகிறது. திறக்கத்தான் மாட்டேன் என்கிறது. இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. வெளியே கைவிட்டுத் திறக்கலாமென்றால் கண்ணாடி இறங்காது. அதனால் பெரியம்மா கியர் லீவரைத் தாண்டி டிரைவர் பக்கமாக இறங்குவார், பட்டுப்புடவையோடு. கல்யாண மண்டப வாசலில் பார்த்தவர்கள் இதை ஏதோ குடும்ப வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வக்கீல் என்றால் பழைய தீர்ப்புகள் கையில் இருக்க வேண்டும். “என்ன பெரியப்பா, வண்டி மறுபடியும் ஷெட்டுலயா?” என்று கேட்டுவிட்டால் போதும், 1985-க்குப் போய்விடுவார். அந்த வருஷம் மெட்ராஸ் கம்பெனியான ஸ்டாண்டர்ட் மோட்டார், ஸ்டாண்டர்ட் 2000 என்றொரு காரை இறக்கியது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977-க்கான சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடம்பு. மூக்கு நீண்டு, முதுகு வழிந்து, நம் அம்பாசடர்களுக்கும் பியட்டுகளுக்கும் நடுவில் அது வந்து நின்றால் சினிமா நடிகர் ரேஷன் கடைக்கு வந்த மாதிரி இருக்கும். உள்ளே வைத்தது? ரோவரின் எஞ்சின் அல்ல. 1940-களில் பிறந்த வேன்கார்ட் கார் எஞ்சினின் வம்சத்தில் வந்த ரெண்டு லிட்டர் எஞ்சின், நாலே கியர். “மாப்பிள்ளைக்குத் தச்ச கோட்டை மாட்டிவிட்டு, மணவறையில தாத்தாவை உட்கார வச்சுட்டானுங்கடா” என்பார் பெரியப்பா. பெட்ரோலைத் தண்ணியாகக் குடித்த அந்தத் தாத்தாவின் கதை 1988-லேயே முடிந்தது. “அதை வாங்கினவன் வயிறு எரிஞ்சிருக்கும். நம்ம வண்டி அப்படியா? கதவைச் சாத்திப் பாரு.”

அடுத்த சாட்சி கான்டெஸா. 1984-ல் வந்தபோது அதற்கும் இதே தலையெழுத்து: வாக்ஸ்ஹால் கம்பெனியின் பெரிய உடம்பு, உள்ளே அம்பாசடரில் இருந்த அதே 1,489 சி.சி. எஞ்சின், சுமார் ஐம்பது குதிரை சக்தி. யானைக்கு ஆட்டுக்கால். ஆனால் பெரியப்பா இதைச் சொல்லும்போது குரலில் நம்பிக்கை இருக்கும். பிற்பாடு ஜப்பானிய இசுசு எஞ்சினை வைத்ததும் அதே வண்டி எழுந்து ஓடியது அல்லவா? “பாத்தியா? பொறுமைதான் முக்கியம்.” தம் காருக்குள்ளும் எந்த ஜப்பான்காரனாவது ஒரு நாள் ராத்திரி வந்து எஞ்சினை மாற்றி வைத்துவிட்டுப் போவான் என்று அவர் எதிர்பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நானோ விஷயத்தில் மட்டும் நானும் அவரும் ஒரே கட்சி. 2008 ஜனவரியில் டெல்லியில் காட்டினார்கள். ஒரு லட்ச ரூபாய்க்குக் கார் என்றதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 624 சி.சி. எஞ்சின், அதுவும் பின்னால். பெட்ரோல் போட முன் பானெட்டைத் திறக்க வேண்டும். பின்னால் டிக்கி போலத் தெரிவது, முதலில் வந்த வண்டிகளில் திறக்கவே திறக்காது. இதெல்லாம் குறைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சாய்த்தது அந்த ஒரு லட்சம் என்ற பேச்சு என்றே நினைக்கிறேன். உலகத்திலேயே மலிவான கார் என்று ஊரெல்லாம் தமுக்கடித்த பிறகு, அதை வாசலில் நிறுத்தி மாக்கோலம் போட எந்த நடுத்தர வீட்டுக்கு மனசு வரும்? பழைய மாருதி 800-ஐ வாங்கி நிறுத்தினால் அதன் விலை யாருக்கும் தெரியாது. நானோவின் விலை குழந்தைக்கும் தெரியும். 2018-ல் அதன் உற்பத்தி நின்றேவிட்டது. “அதுக்கு நல்ல வக்கீல் கிடைக்கலடா” என்றார் பெரியப்பா. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

வண்டி வக்கீலின் மைலேஜ் கணக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, ஏ.சி. இல்லாமல், பைபாஸில், அறுபதிலேயே போனால் என்ன கிடைக்குமோ அதுதான் மைலேஜ். மற்ற நேரமெல்லாம் டிராபிக்.

ஏற்காடு போன கதையைத்தான் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலேயே பெரியப்பா ஏ.சி.யை அணைத்துவிட்டு, “மலைக்காத்தை அனுபவிங்க” என்றார். பாதி மலை ஏறியிருப்போம். ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கியது. நிறுத்தினார். பஸ் போன பிறகு வண்டி கிளம்பவில்லை. கிளம்பாதது மட்டுமில்லை, மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. கிளட்ச் தீய்ந்து, கருகிய நாற்றம். பெரியம்மா எப்படி அத்தனை வேகமாக டிரைவர் மடியைத் தாண்டிக் குதித்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஓரத்திலிருந்து ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். வண்டி நின்றது. “ஏங்க, இப்பவும் பாடி கட்டியா?” என்று கேட்டார். பெரியப்பா பதிலே சொல்லவில்லை; இறங்கிப்போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தக் கல் திரும்பி எங்களோடு வந்தது. பழைய துண்டில் சுற்றி டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும்போது பெரியம்மா கல்லையும் எடுத்து வைத்து அதற்குத்தான் முதல் பொட்டு வைப்பார். 14 வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு தடவைகூட வேலையில் குறை வைக்காத பாகம் அது ஒன்றுதான்.

ஷெட்காரர் பாய் நல்ல மனிதர். ஒரு சென்சார் வரவேண்டும் என்றால் நாற்பது நாள் ஆகும் என்பதை அப்பாவின் உடல்நிலையைச் சொல்லும் டாக்டர் மாதிரி மெதுவாகச் சொல்வார். கம்பெனி சென்சாருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத நாட்களில் பெரியப்பா ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போவார். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைக் கழற்றிப் போட்டிருக்கும் கடைகளில் வெயிலோடு அலைந்து, மறுநாள் மஞ்சப்பையில் எதையாவது போட்டுக்கொண்டு வருவார். வேறு மாடல் காரின் சாமான். “லேசா ராவினா உக்காந்துக்கும்” என்பார். பாய் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அரத்தைத் தேடுவார். போன வருஷம் பாய் புது வீடு கட்டிக் குடிபோனார். பிரியாணிக்குப் போயிருந்தோம். பெரியப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், “சார், இந்த ஹால் உங்களது” என்றார் பாய். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை என்று பெரியப்பா நினைத்துக்கொண்டார். பெரியம்மா மட்டும் ஹாலை நாலு பக்கமும் நிதானமாக அளந்து பார்த்தார்.

கடைசியில் பெரியம்மாதான் விற்றே ஆக வேண்டும் என்று நின்றார். போன மாதம் ஓமலூரிலிருந்து ஒரு பையன் பார்க்க வந்தான். அன்றைக்கென்று பார்த்து முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கியவன் கதவைச் சாத்தினான். தொம். “சார், பாடி நல்லா கட்டியா இருக்குதுங்க” என்றான். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷ வழக்கில் அவர் தரப்புக்குக் கிடைத்த முதல் வெளிச்சாட்சி.

விலை படிந்தது. பையன் பேரம் பேசாமலே சம்மதித்துவிட்டான். பெரியம்மா காபி கலக்க உள்ளே போனார். நடையில் ஒரு துள்ளல் தெரிந்தது. பெரியப்பா ஆர்.சி.யை எடுத்துவந்தார். நீட்டியவர், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“தம்பி, உங்க வீட்டு வாசல் எப்படி? சரிவா, சமமா?”

“புதுசா காங்கிரீட் ரோடு போட்டிருக்காங்க சார். பலகை மாதிரி சமமா இருக்கும்.”

பெரியப்பா ஆர்.சி.யைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அப்ப உங்களுக்கு ஒத்து வராதுங்க தம்பி. காபி வருது, இருந்து சாப்பிட்டுப் போங்க.”